ஆறாத தோல்

பாலாற்றங்கரையில் கொன்றைப்பேட்டை என்றொரு ஊர், அந்த ஊரில் ஆதிமூலம் என்றொரு முதலாளி, அந்த முதலாளிக்குத் தோல் பதனிடும் ஷாப் ஒன்று. அந்த ஷாப்பின் கழிவுத் தொட்டிக்குள் துளசிராமன் விழுந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த முற்பகலில் டிரம்மை யாரும் நிறுத்தவில்லை. இரண்டு ஆள் உயரமுள்ள அந்த மரப்பீப்பாய் தன் வயிற்றுக்குள் இருநூறு மாட்டுத் தோல்களைப் போட்டு, உப்பும் காரமும் கலந்த தண்ணீரில் புரட்டி, மேலே தூக்கி, கீழே போட்டு, மறுபடி தூக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தது. தொட்டியில் அடைப்பு எடுக்கத்தான் அவனை இறக்கினார்கள். முகத்துக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. இடுப்பில் ஒரு கயிறு, அதுவும் இற்றுப்போன கயிறு. அவன் விழுந்ததும் ஜேசிபி ஓட்டும் கஜபதி வண்டியைக் கொண்டுவந்து தொட்டியின் பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தினான். ஒரே இடியில் சுவர் போயிருக்கும், சேறு வெளியே ஓடியிருக்கும், ஆளை இழுத்துப் போட்டிருக்கலாம். ஆதிமூலம் இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றார்.

"சுவத்துமேல கைய வைக்காத. கயிறு போட்டுத் தூக்குங்க. அவசரப்படாதீங்க."

கயிறு போட்டுத் தூக்கினார்கள். வந்தது உடம்புதான்.

குடித்துவிட்டுத் தானாகவே உள்ளே இறங்கினான் என்று மறுநாள் ஊரெல்லாம் பேச்சு. யார் சொன்னது என்று கேட்டால் ஷாப்பில் சொன்னார்கள் என்றார்கள். துளசிராமன் கள்ளைக்கூட மோந்து பார்க்காதவன் என்பது காலனி முழுக்கத் தெரியும். தெரிந்தவர்கள் எல்லாரும் ஆதிமூலத்திடம் வேலை பார்ப்பவர்கள்.

அவன் பெண்டாட்டி பூங்காவனமும் அந்த ஷாப்பில்தான் இருந்தாள், டிரிம்மிங் பகுதியில், பதமாகி வரும் தோல்களின் பிசிறு ஓரங்களைக் கத்தியால் சீவித் தள்ளும் வேலை. காரியம் முடிந்த கையோடு வேலைக்கு வந்துவிட்டாள். "இன்னாமா, அதே ஷாப்புக்கா போற?" என்று கேட்ட நாத்தனாரிடம் மட்டும் பதில் சொன்னாள்: "அந்த மொதலாளி மூஞ்சிய நான் தெனம் பாக்கணும். பாக்காட்டி மறந்துடும். மறந்துட்டா ஆறிடும்."

துளசிராமன் விழுந்த அன்றைக்கு டிரம்மில் சுற்றிய தோல்கள் உலர்ந்து அவள் மேசைக்கு வந்தன. முதல் தோலை விரித்தபோது ஓர் ஈ வந்து அதன் நடுவில் உட்கார்ந்தது, தோல் அந்த இடத்தை மட்டும் சுருக்கென்று உதறியது, உயிரோடிருக்கும் மாடு நின்ற இடத்தில் நின்றபடியே விலாவை உதறுமே, அப்படி. ஈ பறந்துபோனது. பூங்காவனம் ஓரத்தைச் சீவினாள். உச்சி வெயில் ஏறியதும் தோல்களுக்கு வேர்த்தது, மேசையெல்லாம் ஈரம். துணியை எடுத்துத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். விடியற்காலைக் குளிரில் வந்து பார்த்தால் மயிர் போன மயிர்க்கால்கள் எல்லாம் புள்ளி புள்ளியாகப் புல்லரித்து நின்றன. முந்தின நாள் சீவிய ஓரங்கள் பொருக்குத் தட்டி, பொருக்கு உதிர்ந்து, வழவழவென்று மூடிக் கிடந்தன.

ஊர் இதைக் கைக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. வெட்டித் தள்ளிய துண்டுகளை ஆளுக்கொன்றாக மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். டீக்கடைக்காரர் ஒரு துண்டைக் கல்லாவுக்கு மேல் ஆணி அடிக்காமல் கயிற்றில் தொங்கவிட்டார், ஆணி அடித்தால் அது நெளிந்தது. மழைக்காற்று திரும்பினால் அதற்குப் புல்லரிக்கும், உடனே அவர் வெளியே போட்ட பெஞ்சுகளை உள்ளே இழுப்பார். வயிற்று உப்புசத்தில் அழும் பிள்ளைகளைத் தாய்மார்கள் அதன்மேல் குப்புறப் போட்டார்கள், அந்தக் கதகதப்பில் பிள்ளைகள் தூங்கின. சவரக் கடையில் கத்தி தீட்டும் வாராக ஒரு துண்டைக் கட்டியபோது மட்டும் அது கத்தியைக் கண்டாலே சுருண்டுகொண்டது, சவரக்காரர் பாவம் என்று அவிழ்த்து விட்டுவிட்டார்.

ஆதிமூலத்துக்கு இதில் ஒரு நன்மையும் இல்லை. அந்தத் தோல்களில் ஒரு கட்டு ஷூ கம்பெனிக்குப் போயிருந்தது. ஷூவாகி, பெட்டிக்குள் அடங்கி, கப்பலேறிப் போய், அங்கே பெட்டியைத் திறந்து பார்த்தால் லேஸ் கோர்க்கும் ஓட்டைகள் எல்லாம் தூர்ந்து மூடியிருந்தன, தையல் போட்ட இடங்கள் ஊசித் தழும்பாகியிருந்தன, சில ஷூக்களில் கால் நுழைக்கும் வாயே கூடிப்போய் அவை உருண்டையாகக் கிடந்தன. சரக்கு திரும்பி வந்தது. மீதித் தோல்களை எல்லாம் பெரிய கொட்டகையில் பரப்பிப் போடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆதிமூலம் கத்திவிட்டுப் போனார்.

பரப்பும் வேலை பூங்காவனத்துக்கு வந்தது. பரப்பும்போது அவள் கத்தி அவள் விரலையே கீறிவிட்டது, ரத்த விரலோடு ஒரு தோலின் புதிதாய்ச் சீவிய ஓரத்தை அழுத்திப் பிடித்தவள், விடும்போது விரல் வரவில்லை. வலியும் இல்லை. ஆனால் அந்தத் தோலின் மறுகோடியில், அவளுக்கு ஐந்தடி தள்ளி, ஓர் எறும்பு ஊர்வது அவளுக்குத் தெரிந்தது. தன் முதுகில் ஊர்வதுபோல அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. அவள் எறும்பைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். கத்தியை எடுத்து விரலை அறுத்து விடுவித்துக்கொண்டாள். அந்த அறுப்பு மனிதத் தோலுக்கு ஒன்று, மாட்டுத் தோலுக்கு ஒன்று என இரண்டு வலியாக வந்தது. இரண்டையும் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டாள். துளசிராமன் போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரே வேலையாக இருந்தாள். ஒரு தோலின் ஓரத்தைச் சீவுவாள், பக்கத்துத் தோலின் ஓரத்தைச் சீவுவாள், பச்சைக்குப் பச்சையாக இரண்டையும் ஒட்டி வைத்து மேலே கல்லைத் தூக்கி வைப்பாள், மறுநாள் கல்லை எடுத்தால் இரண்டும் ஒன்றாகியிருக்கும், தழும்புகூடத் தடவிப் பார்த்தால்தான் தெரியும். தோலோடு தோல், வரிசையோடு வரிசை, அந்தக் கொட்டகையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை அவள் ஒரே தோலாகக் கூட்டிக்கொண்டே போனாள். இன்னக்கா பண்ற என்று கேட்டவர்களிடம், "ஆறட்டும்னு வைக்கிறேன்" என்றாள். அவர்களும் சரி என்று தாண்டிப் போனார்கள்.

கடைசித் தோல் கூடிய அன்று அவள் தன் சீவுகத்தியின் இரும்புப் பிடியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, பிடியின் அடிப்பக்கத்தையும் சாணைக்கல்லில் நன்றாகத் தீட்டினாள்.

ஆதிமூலம் வந்து கொட்டகையைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது.

"யார் இப்படி ஒட்டுனது? இத எப்படிடி நான் விக்கிறது?"

"அதுவா கூடிக்கிச்சு மொதலாளி."

"கூடிக்கிச்சா? அறுத்துப் போடறேன் பார். கத்தியக் குடு."

கொடுத்தாள். அவர் வாங்கி, தோலின் ஓரத்தில் வைத்து, வேகமாக ஓர் இழுப்பு இழுத்தார். தோலும் அறுந்தது, உள்ளங்கையும் அறுந்தது. கத்தி கீழே விழுந்தது. ரத்தத்தைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் தலை சுற்றும். பூங்காவனம் ஓடி வந்து அவர் கையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள், அந்தக் கைகளின் மென்மையில் அவருக்கே கூச்சமாக இருந்தது.

"உக்காருங்க மொதலாளி. அழுத்திப் புடிச்சா ரத்தம் நின்னுடும்."

அறுந்த உள்ளங்கையை அறுந்த தோலின்மேல் வைத்து, தன் முழங்காலை அவர் மணிக்கட்டில் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் இறக்கினாள். ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம். அவள் எழுந்தபோது அவரால் எழ முடியவில்லை.

அவர் கையை இழுத்தார். கொட்டகை முழுக்கப் பரந்து கிடந்த தோல் லேசாக அலை அடித்துவிட்டு அடங்கியது. அவ்வளவு பாரத்தை எந்த மனிதனால் இழுக்க முடியும்? பிறகு கொட்டகையின் மறுகோடியில் ஒரு பூனை தோலின்மேல் நடந்தது. ஆதிமூலம் அந்த நான்கு பாதங்களையும் தன் முதுகில் உணர்ந்து அலறினார்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மனுஷன் பங்கைவிட மாட்டின் பங்கு அதிகமாக இருக்கிறது, இது என் வேலை இல்லை என்று போய்விட்டார். கால்நடை மருத்துவர் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்கள். அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தோலின்மேல் மண்டியிட்டு, தடவி, கிள்ளி, காதை வைத்துக் கேட்டார்.

"உடம்புல ஒவ்வொண்ணும் அது செய்யற வேலைக்கு ஏத்த மாதிரிதான் கட்டியிருக்கும்," என்றார் சுற்றி நின்றவர்களிடம். "எலும்பு தாங்கணும், அதனால அப்படி. நுரையீரல் காத்தை வாங்கணும், அதனால பஞ்சு மாதிரி. தோல் காக்கணும், வேர்க்கணும், வலிச்சா சொல்லணும், கிழிஞ்சா கூடணும். அதுக்கான நார்ப் பின்னல், வேர்வைக் குழாய், மயிர்க்கால் எல்லாம் இதுல அப்படியே இருக்கு. அது அழுகாம நிறுத்தறதுதானே உங்க தொழில்? வீட்டை இடிக்காம குடியிருக்கிறவங்களை மட்டும் காலி பண்ணிட்டீங்க. இப்ப ஏதோ குடி வந்திருக்கு. வீடு தயாரா இருந்துச்சு, வந்துடுச்சு."

"வெட்டி விடுங்க டாக்டர்," என்றார் ஆதிமூலம்.

ஜெசிந்தா மரத்துப்போக ஊசி போட்டார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி போட்டார். மருந்து கூடிக் கிடந்த அத்தனை மாட்டுத் தோலுக்கும் பரவிக் கரைந்துபோனது. அவர் வைத்திருந்த மருந்து அந்த அகலமான உடம்பில் ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை. சரி என்று கத்தியை வைத்தார். கத்தி முன்னே போகப்போகப் பின்னாலேயே தோல் கூடிக்கொண்டு வந்தது.

"அறுத்த வாய் கூடிடாம ரெண்டு பக்கமும் இழுத்துப் புடிக்கணும். மொத்த ஷாப்பும் சேர்ந்து இழுத்தாதான் முடியும். வாங்க, ஆளுக்கொரு பக்கம் புடிங்க."

யாரும் நகரவில்லை. எல்லாரும் பூங்காவனத்தைப் பார்த்தார்கள். அவள் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். யாரும் தோலைத் தொடவில்லை.

அப்படியாக ஆதிமூலம் அந்தக் கொட்டகையிலேயே தங்கினார். வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது, மகன் வந்து தலையணை வைத்துவிட்டுப் போனான். கொட்டகைக்குள் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும் என்பது தானாகவே ஒரு மரியாதையாகப் படிந்தது. பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினால் அவருக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது, சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது, பிள்ளைகள் முதலாளி நல்லவர் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு பெரியவர்கள் வரத் தொடங்கினார்கள். தோலைப் பிளக்கும் மெஷினில் மூன்று விரல்களைக் கொடுத்த ஏழுமலை மீதி இரண்டு விரல்களால் தோலின் ஒரு மூலையைக் கிள்ளிவிட்டுப் போனார். கிணற்றுத் தண்ணீர் கெட்டு நிலத்தை விட்டவர்கள் வந்து கிள்ளினார்கள். சாயப் புகையில் பிள்ளை தங்காமல் போனவள் ஒருத்தி வந்து, கிள்ளாமல், குனிந்து கடித்தாள். ஆதிமூலம் கத்துவார், கிள்ளியது யார் என்று தெரியாது, எந்த மூலை என்று மட்டும் தெரியும். கொட்டகை வாசலில் நாள்தோறும் வரிசை நின்றது. சத்தம் இல்லாமல், தள்ளுமுள்ளு இல்லாமல், ரேஷன் கடையில்கூட இல்லாத ஒழுங்கோடு நின்றது.

பூங்காவனம் மட்டும் கிள்ளவில்லை. ஒருநாள் காலை எல்லாரும் இருக்கையில் எழுந்து அவர் தலைமாட்டில் வந்து நின்றாள்.

"அந்தத் தொட்டி சுவத்த இடிக்கச் சொல்லு."

அவர் அவளை அண்ணாந்து பார்த்தார். "சுவரா? எதுக்கு?"

"சொல்லு. கஜபதி வண்டியோட நிக்கிறாரு. உன் வாயால நீ சொல்லு. சொன்னா இவங்க இழுத்துப் புடிப்பாங்க."

"இடிச்சா சேறு ரோட்டுக்குப் போகும். ஊரே பாக்கும். ஷாப்புக்கு சீல் வெச்சுடுவான். அப்புறம் இவங்க எல்லாருக்கும் சோறு ஏது? கேளு, நீயே கேளு இவங்கள!"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஏழுமலை தொண்டையைச் செருமினார். "பூங்காவனம், அவுரு சொல்றதும் நெசம்தானம்மா. எனக்கு இந்தக் கையோட வேற எவன் வேலை குடுப்பான்?"

"தெரியும்ணா," என்றாள். "அன்னிக்கும் இதத்தான நெனச்சீங்க எல்லாரும். நான் உங்கள ஒண்ணும் கேக்கல. இவனத்தான் கேக்கறேன்."

ஆதிமூலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூங்காவனம் நடந்துபோய்க் கொட்டகையின் தெற்குப் பக்கத்து ஷட்டரைத் தூக்கிவிட்டாள். அவ்வளவுதான் செய்தாள். தெற்கே உப்புக் களம், பச்சைத் தோல்களுக்குத் தடவும் கல்லுப்பு குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும் இடம். சித்திரை மாதத்துக் காற்று அந்தக் குன்றுகளை வருடி, பொடியை வாரிக்கொண்டு உள்ளே வந்து, ஊரார் நாள்தோறும் கிள்ளிக் கிள்ளி ஆறவிடாத ரணங்களிலும் அந்தப் பெண் கடித்த பற்குறியிலும் மெல்ல மெல்லப் படிந்தது.

ஆதிமூலம் போட்ட சத்தத்தில் ஆற்றுக்கு அக்கரையில் மேய்ந்த மாடுகள் தலை தூக்கின.

"ஷட்டரை மூடுங்கம்மா," என்றார் ஜெசிந்தா. "இது சித்திரவதை."

"அவுரு தொட்டிக்குள்ள இருந்தப்ப நீங்க இருந்திருந்தா, அப்பவும் இப்படிச் சொல்லியிருப்பீங்க டாக்டர். நீங்க இல்லாமப் போயிட்டீங்க," என்றாள் பூங்காவனம். ஷட்டர் திறந்தேதான் இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தது. கொட்டகை முழுக்க வேர்த்தது, வேர்வையில் உப்பு கரைந்து இன்னும் உள்ளே இறங்கியது. அப்போதுதான் ஆதிமூலம் சொன்னார். முதலில் வாய்க்குள் சொன்னார். கேட்கல என்றாள். உரக்கச் சொன்னார்.

"இடிங்க! இடிச்சுத் தள்ளுங்க!"

"அன்னிக்கு ஏன் இடிக்க வேணாம்னு சொன்ன?"

"கழிவு சோதனைக்கு ஊர்ல அதிகாரிங்க வந்திருந்தாங்க. சேறு வெளிய போனா பாத்துடுவாங்கன்னு..."

"இடிச்சிருந்தா?"

"பொழைச்சிருப்பான்."

"குடிச்சிருந்தாரா?"

"இல்ல. அவன் குடிக்கல. நான்தான் சொல்லச் சொன்னேன்."

கஜபதி மறு உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. சுவர் ஒரே இடியில் போனது. அது அத்தனை சுலபமாகப் போனதைப் பார்த்து அவன் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து அழுதான். கறுப்பும் நீலமுமாகச் சேறு புரண்டு, கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டில் இறங்கி, பஸ் ஸ்டாண்டையும் காய்கறிக் கடைகளையும் சுற்றிக்கொண்டு, தாலுகா ஆபீஸ் வாசற்படியில் போய் முட்டி நின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஊர் முழுக்க நின்று பார்த்தது.

கொட்டகையில் மொத்த ஷாப்பும் இரண்டு பக்கமும் நின்று தோலை இழுத்துப் பிடிக்க, ஜெசிந்தா அறுத்தார். பூங்காவனமும் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள், கொடுத்த வாக்கு. கடைசி நார் அறுந்ததும் அந்தப் பெரிய தோல் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. ஈ உட்கார்ந்தது, தோல் அசையவில்லை. டீக்கடையில் தொங்கிய துண்டும் அதே நேரத்தில் விறைத்துக் காய்ந்துபோனதாகப் பிறகு சொன்னார்கள்.

ஷாப்புக்கு சீல் வைத்தார்கள். வழக்குப் போட்டார்கள், கைது செய்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். காலனிக்காரர்கள் விடிவதற்குள் வேன் ஏறி வெளியூர் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனார்கள். ஏழுமலைக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை, அவர் பூங்காவனத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நாத்தனார் ஒருநாள், "ஆறுச்சாடி?" என்று கேட்டாள். பூங்காவனம் யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்ல," என்றாள்.

ஐப்பசியில் ஒரு மதியம் ஆதிமூலம் காலனிக்கு வந்தார். காரில்லை, நடந்து வந்தார். பூங்காவனம் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார்.

அவள் நிமிரவில்லை.

"அறுத்து விட்டாங்கல்ல, அன்னிலேர்ந்து. தண்ணி ஊத்திக்கிறேன், சுடுதா குளுருதான்னு தெரியல. காப்பி குடிச்சு உதடு வெந்துபோச்சு, என் பொண்டாட்டி பாத்துத்தான் சொன்னா. என் பேத்தி முதுகுல ஏறிக் கட்டிப் புடிச்சிருக்கா, நான் அது தெரியாம எழுந்துட்டேன். விழுந்துடுச்சு பாவம். மெட்ராஸ்ல பெரிய பெரிய டாக்டருங்க பாத்தாங்க. எல்லாம் இருக்க வேண்டிய இடத்துல இருக்குதாம், நரம்பு, சதை, எல்லாம். ஒண்ணும் வேலை செய்யல. கீறுனா காயம் கூடல." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அறுத்த வாய் அறுத்தபடியே, ரத்தமில்லாமல், சுத்தமாகத் திறந்திருந்தது.

"இங்க இன்னாத்துக்கு வந்த?"

அவர் இரண்டடி கிட்டே வந்து குனிந்து கன்னத்தைக் காட்டினார்.

"என்னை அடி. ஒரே ஒரு அடி. எல்லாரையும் கேட்டுட்டேன், எவனும் அடிக்க மாட்டேங்குறான், பயப்படறான். நீதான் மனசார அடிப்ப. நீ அடிச்சா எனக்குத் தெரியும்னு தோணுது. வலிக்கும்மா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

பூங்காவனம் கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அந்த அடியை அவள் எத்தனையோ முறை மனசுக்குள் அடித்திருக்கிறாள், வேனில் போகும்போது, சோறு வடிக்கும்போது, துளசிராமன் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைக்கும்போது. கை தோள்வரை தினவெடுத்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாகத்தில் வாய் திறந்து நிற்பவரைப்போல முகத்தை ஏந்திக்கொண்டு நின்றார். அந்த முகத்தை அவள் பார்த்தாள், ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

மெதுவாகக் கையை இறக்கினாள்.

"மாட்டேன்," என்றாள்.

கீரை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். அடுப்பில் உலை கொதித்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது, ஓட்டின்மேல் கல் கொட்டுவதுபோல இறங்கியது. அவர் போகவில்லை. கண்ணை மூடியபடியே கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார், சட்டை உடம்போடு ஒட்டியது, மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் வழிந்தது. மாட்டேன் என்று சொன்னாலும் அவள் இன்னும் எதிரிலேயே நிற்கிறாள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, "யோவ் பெரியவரே, மழை பெய்யுதுய்யா! ஏன்யா இப்படி நனையற?" என்று கத்தியதும்தான் கண்ணைத் திறந்தார்.